ஒன்றுவிட்ட காப்பி

கடவுள் சிலரைப் படைக்கும்போது காலில் சக்கரத்தைக் கட்டி அனுப்பிவிடுகிறார். பிரேக் வைக்கத்தான் மறந்துவிடுகிறார். வனத்துறை நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு எல்லாரும் வைத்த பேர் பம்பரம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறே இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பின்னால் யார் வருகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். நின்றபடி ஒரு வாய், நடந்தபடி ஒரு வாய். கும்பிடும்போதுகூடக் கண் மூடியிருக்கும், வாய் முணுமுணுக்கும், கை மட்டும் பக்கத்தில் கிடக்கிற துணியை மடித்துக்கொண்டிருக்கும். "கேக்குறது அவரோட வேலை. அதுக்கு நான் சும்மா நிக்கணுமா?" என்பாள். பக்தியில் குறைச்சல் இல்லை. இருப்பில்தான் குறைச்சல்.

அவளுக்கு வாய்த்த வீட்டுக்காரர் தையல்காரர். காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தால், உட்கார்ந்ததுதான். மிஷினோடு சேர்த்து அவரையும் தரையில் ஆணி அடித்துவிட்டார்கள் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள்.

"மழை வந்தா நீங்க நகர மாட்டீங்க. கூரைதான் உங்களைத் தேடி வரணும்" என்று பம்பரம் சொல்வாள்.

"ரெண்டு பேரும் ஓடிட்டா வீட்டை யாரு பிடிச்சுக்கிறது?" என்பார் அவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சின்ன வயதில் பம்பரம் தன் அம்மாவோடு காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனாள். காப்பியில் சிவந்த பழத்தை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும், பச்சையை விட்டுவிட வேண்டும். இவளோ கிளையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிவிடுவாள். மேஸ்திரி கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இவகிட்ட விட்டா பூவையே வறுத்துக் காப்பித்தூளாக்கிடுவா!" அதோடு அந்த வேலை போயிற்று. படிப்பு அதற்கு முன்பே ஐந்தாம் வகுப்போடு போயிருந்தது.

அப்புறம்தான் நாற்றுப்பண்ணை. மண் சலிக்க, பை நிரப்ப, தண்ணீர் விட, நிழல்வலையை இழுத்துக் கட்ட என்று அங்கே ஓய்வே கிடையாது. மற்றவர்கள் அதைச் சொல்லிப் புலம்பினார்கள். பம்பரம் அதைச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

பண்ணை வாசலில் ஒரு மரம் நின்றது. சின்ன மரம். ஓர் ஆளின் தோளில் இன்னொரு ஆள் ஏறி நின்றால் உச்சியைத் தொடலாம். காட்டுக்குள்ளே பெரிய மரங்களின் நிழலில் ஒதுங்கி நிற்கிற சாதி அது. இலை எதிரும் புதிருமாக, எண்ணெய் பூசியது போலப் பளபளவென்று அசல் காப்பி இலை மாதிரியே இருக்கும். பூவும் அதே வெள்ளை, அதே மயக்குகிற வாசனை. ஆனால் அது காப்பி இல்லை, காப்பிக்குச் சொந்தம். பண்ணையில் எல்லாரும் அதை ஒன்றுவிட்ட காப்பி என்றே சொன்னார்கள். ஒன்றுவிட்ட தங்கச்சி என்கிறோமே, அந்த மாதிரி. முகச்சாயல் உண்டு, சொத்தில் பங்கு இல்லை.

ஒரு கோடையில் மலைச்சரிவு தீப்பிடித்து எரிந்தது. ஒன்றுவிட்ட காப்பி அதிகம் நின்றது அந்தச் சரிவில்தான். வாசலில் நின்ற ஒற்றை மரத்தைத் தவிர எல்லாம் கரியாகிப் போயின. ரேஞ்சர் வந்து சாம்பலை மிதித்துக்கொண்டே சொன்னார்: "பழைய மரமே மறுபடியும் இங்க நிக்கணும், பம்பரம்."

முந்தின வருசத்துப் பழத்திலிருந்து எடுத்த விதை கொஞ்சம் பண்ணையில் இருந்தது. பம்பரம் அதைப் பாத்தியில் போட்டாள். இந்த விதைக்கு அவசரமே கிடையாது. முளைக்க ஒரு வருசம்கூட எடுத்துக்கொள்ளும். பம்பரத்துக்கு ஒரு வாரமே ஒரு யுகம். தினம் போய் மண்ணை விலக்கிப் பார்த்தாள். விதையை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி புதைத்தாள். திருடனை ஸ்டேஷனுக்கு வரவழைக்கிற மாதிரி அந்த விதைகளை அவள் தினமும் விசாரித்தாள். அவை ஒன்றும் ஒப்புக்கொள்ளாமலே அழுகிப் போயின.

பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். ஆள்வது யாருக்கு வேண்டும், அவளுக்கு நட்டால் போதும். வாசல் மரத்திலிருந்து இளங்குச்சிகளாக ஒடித்தாள். பைகளில் நட்டாள். குச்சிகள் வேர் பிடித்துக்கொண்டன. மழைக்காலம் வந்தபோது பண்ணை முழுக்க வரிசை வரிசையாகக் கன்றுகள். சரிவெங்கும் கொண்டுபோய் நட்டார்கள். ரேஞ்சர் பூரித்துப்போனார். "பம்பரம் சுத்துற இடமெல்லாம் மரம் முளைக்குதுய்யா!"

சில வருசங்களில் சரிவு பூத்தது. காப்பிக்கு இருக்கிற வழக்கம்தான் இதற்கும். மொட்டுகள் வெயிலில் காய்ந்து உறங்கிக் கிடக்கும். கோடையின் முதல் மழை தலையில் அடித்து எழுப்பினால், ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரே காலையில் எல்லா மரமும் பூக்கும். மறுநாள் உதிர்ந்துவிடும். அந்த ஒரு நாள், சரிவில் வேட்டியை விரித்துப் போட்ட மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். ஜனங்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அடுத்த வருசமும் பூத்தது, அதற்கடுத்த வருசமும் பூத்தது. பழம் தின்கிற பறவைகள் வந்து உட்கார்ந்து, கிளையைப் பார்த்து, ஏமாந்து போயின. தீக்கு முன்பு சிவக்கச் சிவக்கப் பழுத்த வாசல் மரமும் இப்போது மலடி மாதிரி நின்றது. பம்பரம் உரம் வைத்தாள், கும்பிட்டாள், மரத்தைத் திட்டினாள். ராத்தூக்கம் கெட்டது. தான் செத்த பிறகு இந்த மரங்களும் ஒவ்வொன்றாய்ச் சாகும், பின்னால் ஒரு கன்று இருக்காது என்று நினைத்தாலே அவளுக்குக் கால் பரபரத்தது.

செடிகொடிகளைப் பற்றிப் படிக்கிற ஒரு பெண் அந்த வருசம் பூக்காலத்தில் வந்தாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூக்களைப் பிரித்துப் பார்த்தாள். பம்பரம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம் நில்லுங்க. இங்க பாருங்க. பூவோட நடுவுல நாக்கு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கா?"

"ஆமா, பழிப்புக் காட்டுற மாதிரி."

"இந்தச் சாதியில ரெண்டு விதமா மரம் உண்டு. ஒரு மரத்துல எல்லாப் பூவும் நாக்கை நீட்டும். இன்னொண்ணுல எல்லாப் பூவும் நாக்கை உள்ள இழுத்துக்கும், மகரந்தம் மட்டும் வாயோரத்துல நிக்கும். இதுக்கு அது வேணும், அதுக்கு இது வேணும். ஒரே வகைக்குள்ள மகரந்தம் போனா காய் பிடிக்காது."

"சரி, இங்கதான் இவ்வளவு மரம் நிக்குதே?"

அந்தப் பெண் தயங்கினாள். "எல்லாம் ஒரே மரத்துக் குச்சின்னு சொன்னீங்களே, அக்கா. அப்போ இங்க நிக்கிறது ஒரே மரம்தான். துண்டு துண்டா நிக்குது, அவ்வளவுதான்."

 பம்பரம் குனிந்து பாதையோரக் கற்களை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினாள். அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்போ நான் காடு நடல. ஒரு மரத்தை நட்டு, சுத்திலும் கண்ணாடி மாட்டி வச்சிருக்கேன்."

அன்றிலிருந்து நாக்கை உள்ளே இழுத்துக்கொண்ட மரம் எங்கே, எங்கே என்று ஒரே தேடல். எரிந்த சரிவில் இல்லை. அடுத்த மலையில் அந்தச் சாதியே இல்லை. விறகு பொறுக்குகிறவர்களைக் கேட்டாள், மாடு மேய்க்கிறவர்களைக் கேட்டாள், கடைசியில் கடவுளையே கேட்டாள்.

கடவுள் பதிலை லாரி கழுவுகிற இடத்தில் வைத்திருந்தார். ஒரு நாள் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது, டவுன் எல்லையில் டீசல் புகைக்கு நடுவே அந்த வாசனை குப்பென்று அடித்தது. பூக்காலமே இல்லை. பம்பரம் எழுந்து கத்திய கத்தலில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். வாட்டர் சர்வீஸ் ஒன்றின் மூலையில், சேறும் கிரீஸும் படிந்து, ஓர் ஒன்றுவிட்ட காப்பி நின்றது. ஒரு காலத்தில் காடு அதுவரை வந்திருந்தது போல. இரண்டு மூன்று பூக்கள்தான் இருந்தன. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள். நாக்கு உள்ளே இருந்தது.

சர்வீஸ்காரருக்கு அவளைவிட வயது குறைவு. பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருத்தி மரத்தைக் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்த்தார்.

"அக்கா, சொந்தக்காரங்களா?" என்றார்.

"ஒண்ணுவிட்ட சொந்தம் தம்பி" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவர் நல்ல மனுசர். ஆனால் ஷெட்டைப் பெரிசாக்கப் போகிறார். மரம் நிற்கிற இடத்தில்தான் தூண் வருகிறது. "இந்தக் கோடை வரைக்கும் நிக்கும் அக்கா. அதுக்கு மேல என் கையில இல்ல. இடத்துல பங்காளி ஒருத்தர் இருக்கார்." பம்பரம் உடனே குச்சி ஒடித்துப் போய் நட்டுப் பார்த்தாள். கிழட்டு மரம், வருசக்கணக்காக எண்ணெய் குடித்த கட்டை. வைத்ததெல்லாம் கறுத்து அழுகியது. ஆக, இந்த ஒரு கோடைதான். இந்த மரமும் சரிவும் ஒரே நாளில் பூக்க வேண்டும், இதன் பூ அங்கே போய்ச் சேர வேண்டும்.

அதில் ஒரு சிக்கல். லாரி மேல் அடிக்கிற தண்ணீர் தினமும் மரத்தின் மேல் தெறித்தது. அதனால் அதன் மொட்டுகள் இன்றைக்கு நாலு, நாளைக்கு இரண்டு என்று நினைத்தபோது விழித்து வீணாய் உதிர்ந்தன.

"உங்க மரத்துக்கு வருசம் பூரா மழைக்காலம் தம்பி. அதைக் காயப் போடணும். நான் சொல்ற அன்னிக்குத்தான் குளிப்பாட்டணும்."

"மரத்துக்கு நோன்பு வைக்கச் சொல்றீங்க."

"ஆமா. நானும் சேர்ந்து இருக்கேன், போதுமா?"

லாரிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு திரை வேண்டும். தையல்காரர் உரச் சாக்குகளைப் பிரித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தார். தைப்பதற்கு முன் செய்ததுதான் கடைத்தெருவையே அசத்தியது. எழுந்தார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சர்வீஸ் வரைக்கும் நடந்து போய், மரத்தைச் சுற்றி அளவெடுத்தார். "இடுப்பு எங்கன்னுதான் தெரியல" என்றார். திரை கச்சிதமாகப் பொருந்தியது.

அதற்கப்புறம் காத்திருப்பு. வெயில் ஏறியது. இரண்டு இடத்திலும் மொட்டுகள் பச்சை அரிசி மாதிரி கிளைகளில் ஒட்டிக்கொண்டு உறங்கின. பம்பரம் காலையில் சரிவில் இருப்பாள், மத்தியானம் சர்வீஸில் இருப்பாள். திரையில் ஓட்டை இருக்கிறதா என்று தடவுவாள். மேகம் வந்தால் வாசலுக்கும் தெருவுக்கும் நடப்பாள், போனால் தெருவுக்கும் வாசலுக்கும் நடப்பாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் கூட அவ்வளவு குதித்திருக்க மாட்டாள்.

"கடவுளே, மழையைச் சரிவுல பெய்ய வை. டவுன்ல இப்ப வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு வேண்டாம்" என்று வேண்டினாள்.

"அவருக்கே அட்ரஸ் சொல்றியா?" என்றார் வீட்டுக்காரர்.

"தப்பான வீட்டுல டெலிவரி பண்ணிடக் கூடாதுல்ல?"

ஒரு மத்தியானம் சரிவின் மேல் இடி இடித்தது. காற்று நிழல்வலைகளைப் பிய்த்தது. அப்புறம் கொட்டு கொட்டு என்று கொட்டியது. பம்பரம் நனைந்துகொண்டே போனை எடுத்தாள்.

"தம்பி! திரையை எடுங்க! மரத்து உச்சியிலேர்ந்து தண்ணி அடிங்க, இன்னிக்கே!"

"அக்கா, இங்க மழை இல்ல. காத்துதான். கம்பி அறுந்து விழுந்து கரண்ட் போயிடுச்சு. பம்ப் ஓடாது."

 தண்ணீர் ஒரு நாள் தள்ளிப் போனால் பூவும் ஒரு நாள் தள்ளிப் போகும். சரிவில் உதிர்ந்த பிறகு அங்கே பூத்து என்ன செய்ய? பஸ்ஸைப் பிடித்தாள். பாதி வழியில் மரம் விழுந்து பஸ் நின்றது. இறங்கி நடந்தாள். நடந்தாள் என்று சொல்வது பேச்சுக்குத்தான்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். திரை கழன்று கீழே கிடந்தது. மரத்தடியில் ஒரு காலி பீப்பாய். அதன் மேல், அளவு நாடா கழுத்தில் தொங்க, பக்கெட்டும் கையுமாக அவள் வீட்டுக்காரர் நின்றார். சர்வீஸ் ஆட்கள் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு கொடுக்க, அவர் கிளை கிளையாக ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க ஈரம். சர்வீஸ்காரர்தான் கடைக்கு ஓடி, "உங்க வீட்டம்மா போன்ல அழுவுறாங்க" என்று சொல்லியிருந்தார்.

"நீங்க எழுந்திட்டீங்களா?" என்றாள்.

"ஆணி கழண்டுடுச்சு. பேசாம தண்ணிய எடு."

கீழ்க்கிளைகள் எல்லாம் நன்றாக நனைந்தன. உச்சிக்கு யாருக்கும் கை எட்டவில்லை. மறுநாள் கரண்ட் வந்த பிறகுதான் பைப்பால் அடித்தார்கள்.

அந்த ஒரு வாரம் பம்பரம் எப்படி இருந்தாள் என்று எழுத எனக்குத் தெம்பு இல்லை. வீட்டில் தேய்க்காத பாத்திரம் ஒன்று பாக்கி இல்லை, அவ்வளவு சொல்லலாம்.

பிறகு ஒரு காலை சரிவு வெளுத்தது. பம்பரம் போனில் கத்தினாள்: "இங்க பூத்துடுச்சு! அங்க?"

தையல்காரர் விடிந்ததுமே சர்வீஸில் போய் நின்றிருந்தார். "மேல எல்லாம் மொட்டு. நாங்க ஊத்தின கீழ்க்கிளையில மட்டும் பூத்திருக்கு."

"அது போதும். கொண்டாங்க!"

பித்தான் போடுகிற தகர டப்பாவைக் காலி செய்து, ஈரத்துணி விரித்து, பூக்களை அடுக்கி, கடையைத் திறக்காமலே முதல் பஸ்ஸில் வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தச் சரிவில் ஏறியதே இல்லை. மூச்சு வாங்க வந்து நின்று, வெள்ளையைப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு துணி" என்றார்.

செய்ய வேண்டியது லேசான வேலை. டப்பாவில் இருக்கிற பூவின் வாயை, மரத்தில் இருக்கிற பூவின் நாக்கில் மெல்லத் தொட வேண்டும். பம்பரம் ஆரம்பித்தாள். தொட்ட முதல் பூ உதிர்ந்தது. இரண்டாவதும் உதிர்ந்தது. கை காப்பித் தோட்டத்துக் கையாகவே இருந்தது. உருவத்தான் தெரிந்தது, தொடத் தெரியவில்லை. டப்பாவில் இருந்ததோ கொஞ்சம். அவளுக்கு அழுகை முட்டியது.

"இங்க கொடு" என்றார் அவர். "ஊசியில நூல் கோக்குற வேலை இது. நீ கிளைய மட்டும் பிடி. ஆடாம பிடி."

வாழ்க்கையில் அவளுக்கு யாரும் கொடுக்காத வேலை அது. இரண்டு கையாலும் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேனீ கன்னத்தில் உட்கார்ந்தது, ஓட்டவில்லை. பாதத்தில் எறும்பு ஏறியது, உதறவில்லை. உள்ளே எல்லாம் பம்பரமாகச் சுற்றியது, வெளியே விரல்கூட அசையவில்லை. அவர் ஒவ்வொரு பூவாகத் தொட்டார். தொட்டு முடித்த காம்பில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டார்.

"என்ன முணுமுணுக்கிற?"

"கும்பிடுறேன். கை சும்மா இருக்கு, கண்ணு மூட முடியல. இன்னிக்கு எல்லாம் தலைகீழா நடக்குது."

வெயில் ஏறுவதற்குள் டப்பா காலியாயிற்று. மறுநாள் சரிவெல்லாம் பூ உதிர்ந்து தரை வெளுத்தது. அதே காலையில் சர்வீஸ் மரத்தின் உச்சி பூத்தது. அதைப் பார்க்க யாரும் போகவில்லை.

நூல் கட்டிய காம்புகளில் எல்லாம் பிடிக்கவில்லை. சிலதில் பிடித்தது. குண்டூசித் தலை மாதிரி பச்சையாய், சந்தேகப்படும்படி இருந்தது. பிறகு மிளகாகி, பிறகு சுண்டைக்காயாயிற்று. பம்பரம் தினமும் ஏறிப் போய்ப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள், தன் கை மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லாததால். ஒரு பக்கம் சிவந்தது. அப்போதும் பறிக்கவில்லை. காம்பு வரைக்கும் சிவந்த பிறகு, ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். மேஸ்திரி இருந்தால் கூடையைக் கவிழ்த்துக் காட்டியிருப்பாள்.

சர்வீஸ்காரருக்குக் காட்ட ஒரு பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மூலையில் மரம் இல்லை. சிமெண்ட் ஈரம் காயாத தூண் நின்றது. அவர் தலையைச் சொறிந்தார்.

"பங்காளி தேதி வச்சுட்டார் அக்கா. நீங்க வந்து பார்ப்பீங்களேன்னுதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

பம்பரம் தூணைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்துப் பழத்தை அவர் கையில் வைத்தாள். "உங்க மரத்தோடது. சாப்பிட்டுப் பாருங்க. கொட்டைய மட்டும் திருப்பிக் கொடுத்துடணும்."

அவர் கடித்து, முகத்தைச் சுளித்து, கொட்டையைத் துப்பிக் கழுவிக் கொடுத்தார். "காப்பி ருசி இல்லையே அக்கா."

"ஒண்ணுவிட்டதுதானே" என்றாள். கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்தக் கொட்டையையும் சேர்த்து, மணல் கலந்த பாத்தியில் விதைத்தாள். முளைத்து வருகிற மரங்களில் பாதி நாக்கை நீட்டும், பாதி உள்ளே இழுக்கும் என்று படிக்கிற பெண் போனில் சொன்னாள். ஆனால் முளைத்தால்தானே? பாத்தியைச் சுற்றி முள்ளை வைத்தது பம்பரமேதான். ஆடு மாட்டுக்கு என்று மற்றவர்களிடம் சொன்னாள். யாருக்கு என்று வீட்டுக்காரருக்குத் தெரியும்.

மழைக்காலம் போயிற்று. பனி போயிற்று. பாத்தி மண்ணாகவே கிடந்தது. ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து, முகம் கழுவாமல், வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே தையல்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். அவள் விரல் நகத்தில் மண் இருந்தது.

"நோண்டினியா?"

"ஒண்ணே ஒண்ணுதான். ஓரத்துல இருந்தது. மத்தது எதையும் தொடல, சாமி சத்தியமா."

அவர் திட்ட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். "என்ன இருந்துச்சு?"

அவள் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் நெருக்கி, நடுவே நூல் அளவு இடம் விட்டுக் காட்டினாள்.

"வெள்ளையா. கீழ்ப்பக்கமாப் போகுது" என்றாள். "மூடிட்டேன். அழுத்தாமத்தான் மூடினேன்." கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். "தண்ணி ஊத்திட்டு வந்தேனா இல்லையா? இருங்க, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன்."